டம்ளர் அளவை கிராமாக மாற்றுவது எப்படி?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்மா எழுதிக் கொடுத்த பலகார நோட்டில் எல்லாமே டம்ளர், ஆழாக்கு, கரண்டிக் கணக்கு. நீங்கள் புதிதாக டிஜிட்டல் தராசு வாங்கியிருக்கிறீர்கள். 'ஒரு கப் என்றால் 250 கிராம்' என்று எங்கோ பார்த்து, அதை வைத்து மைசூர்பாகு கிளறியிருக்கிறீர்கள். இரண்டு முறையும் கட்டையாக, பச்சை மாவு வாசனையோடு வந்துவிட்டது. டம்ளரை கிராமாக மாற்ற எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே கணக்கு உண்டா என்று கேட்கிறீர்கள்.

அப்படி ஒரே கணக்கு கிடையாது. ஆனால் பொருளுக்குப் பொருள் தனித்தனிக் கணக்கு உண்டு. அதை உங்கள் வீட்டு டம்ளருக்கே நீங்கள் போட்டுக்கொள்ளலாம். ஒரு மாலை நேரம் போதும். அதற்கு முன்னால் அந்த மைசூர்பாகு ஏன் கெட்டது என்று பார்த்துவிடுவோம். அதிலேயே பாதி விஷயம் இருக்கிறது.

உங்கள் குறிப்பு ஒரு கப் கடலை மாவு, இரண்டு கப் சர்க்கரை, இரண்டு கப் நெய். நீங்கள் எடுத்தது 250 கிராம் மாவு, 500 கிராம் சர்க்கரை, 500 கிராம் நெய். பார்த்தால் ஒன்றுக்கு இரண்டு, இரண்டு என்ற விகிதம் அப்படியே இருப்பது போலத் தெரியும். இப்போது 240 மில்லி பிடிக்கும் ஒரு கப்பில் உண்மையாகவே அளந்து தராசில் வைத்துப் பாருங்கள். சலித்த கடலை மாவு ஒரு கப் சுமார் 100 கிராம்தான் வரும். சர்க்கரை ஒரு கப் 200 கிராம், இரண்டு கப் 400. உருக்கிய நெய் இரண்டு கப் ஏறக்குறைய 435 கிராம். ஆக, எடைக் கணக்கில் அம்மாவின் விகிதம் ஒன்றுக்கு நாலு, நாலரை. நீங்கள் எடுத்த 250 கிராம் மாவுக்கு ஒரு கிலோ சர்க்கரையும் ஒரு கிலோவுக்கு மேல் நெய்யும் போயிருக்க வேண்டும். சர்க்கரை பாதி, நெய் பாதிக்கும் கீழே. அவ்வளவு மாவு அந்த நெய்யில் வேகவே இடம் இல்லை, பூத்து வரவும் வழியில்லை. உங்கள் கைப்பக்குவத்தில் ஒரு குறையும் இல்லை.

இந்தத் தப்பு எங்கிருந்து வருகிறது என்றால், கப்பின் மேல் '250 மில்லி' என்று போட்டிருப்பதை யாரோ 250 கிராம் என்று படித்துவிடுகிறார்கள். மில்லி என்பது இடத்தின் அளவு, கிராம் என்பது எடை. தண்ணீருக்கு மட்டும்தான் இரண்டும் ஒன்று. பாலும் தயிரும் தண்ணீருக்கு மிக அருகில் இருக்கும், கொஞ்சம் கூடுதல். அதைத் தாண்டினால் ஒவ்வொன்றும் ஒரு திசையில் போகும். பள்ளிக்கூடத்தில் முகத்தலளவை, நிறுத்தலளவை என்று இரண்டு வாய்ப்பாடுகள் தனித்தனியாகப் படித்திருப்போம். அந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் சமையல் குறிப்புகளில் நான் அதிகமாகப் பார்க்கும் பிழை.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள், மனதில் நன்றாகப் பதியும். கப் நிறைய அரிசி போட்டுத் தலைதட்டி வையுங்கள். இனி இதில் இடமே இல்லை என்று தோன்றும். இப்போது மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். 240 மில்லி கப்பில் கிட்டத்தட்ட 100 மில்லி தண்ணீர் உள்ளே போகும், அதன் பிறகுதான் வழியும். அரிசிக்கு நடுவே அவ்வளவு காற்று இருந்திருக்கிறது. மாவில் இதைவிட அதிகம். லேசாக நிரப்பிய ஒரு கப் மைதாவில் மூன்றில் இரண்டு பங்கு காற்றுதான். கப்பால் அளக்கும்போது பொருளையும் காற்றையும் சேர்த்து அளக்கிறோம். தராசு காற்றைக் கணக்கில் எடுப்பதில்லை.

இதனால்தான் மாவு மட்டும் நம்மை இவ்வளவு ஏமாற்றுகிறது. சர்க்கரை, அரிசி, பருப்பு எல்லாம் உருண்டு போய்த் தானாகவே இடம் பிடித்துக்கொள்ளும். யார் அளந்தாலும் ஐந்து, பத்து கிராம்தான் முன்பின் இருக்கும். மாவு அப்படி இல்லை. ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நடுவில் காற்றைப் பிடித்து வைத்திருக்கும். தட்டினால் அமுங்கும், சலித்தால் உப்பும். அதே கப்பில் மைதாவைக் கரண்டியால் அள்ளி லேசாகத் தூவி நிரப்பினால் 120 கிராம். கப்பையே டப்பாவுக்குள் விட்டு அள்ளினால் 140, 150 வரை போகும். மூன்று கப் மைதா கேட்கும் கேக்குக்கு ஒருவர் 360 கிராம் போடுவார், இன்னொருவர் 450 போடுவார். இருவருமே குறிப்பில் இருந்தபடிதான் செய்ததாகச் சொல்வார்கள், அது பொய்யும் இல்லை. ஒரு கேக் பஞ்சு, இன்னொன்று ரொட்டி.

எங்கள் அம்மாவிடம் ஒரு பித்தளை ஆழாக்கு இருந்தது. விளிம்பில் ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். அம்மா அரிசி மாவு அளப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பல தடவை பார்த்திருக்கிறேன். மாவை அள்ளிப் போட்டு, ஆழாக்கைத் தரையில் ஒரு தட்டு தட்டுவார். அமுங்கிய இடத்தில் இன்னும் ஒரு பிடி போட்டு, உள்ளங்கையின் ஓரத்தால் வழித்துவிடுவார். நோட்டில் 'மாவு 4 ஆழாக்கு' என்றுதான் எழுதியிருப்பார். அந்த ஒரு தட்டு நோட்டில் இல்லை. நான் தட்டாமல் அளந்து பிசைந்த முறுக்கு மாவுக்கு அதே அளவு வெண்ணெய் ரொம்ப அதிகம், எண்ணெயில் போட்டதும் பிரிந்துபோனது. பிறகு ஒரு நாள் அம்மாவையே நாலு தடவை அளக்கச் சொல்லி, ஒவ்வொன்றையும் தராசில் வைத்து எழுதிக்கொண்டேன். நாலும் மூன்று நாலு கிராம் வித்தியாசத்துக்குள் வந்தன. கை அவ்வளவு துல்லியம். அந்தக் கையைத்தான் நாம் எடைக்கு மாற்றுகிறோம். ஆழாக்கு என்ற சொல்லை மட்டும் மாற்றினால் பயன் இல்லை.

சரி, ஆழாக்கு என்று வந்ததால் பழைய அளவுகளையும் பார்த்துவிடலாம், உங்கள் நோட்டில் படியும் உழக்கும் இருக்கிறது என்கிறீர்களே. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. ஆக, எட்டு ஆழாக்கு ஒரு படி. எட்டுப் படி ஒரு மரக்கால். இந்த வாய்ப்பாடு பெரும்பாலும் எங்கும் ஒன்றுதான். ஆனால் படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் வேறு. பரவலாகச் சொல்லப்படும் கணக்கில் ஆழாக்கு 168 மில்லி, படி சுமார் 1.34 லிட்டர். அந்தப் படியில் அரிசி அளந்தால் ஒரு கிலோ நூறு கிராம் போல வரும். இதைவிடப் பெரிய படி உள்ள வீடுகளும் உண்டு, அங்கே ஒரு படி அரிசி ஒன்றரைக் கிலோ என்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் சரிதான், படிதான் வேறு.

இந்தச் சிக்கல் ரொம்பப் பழையது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல் அளவு வரும் இடங்களில் வெறுமனே மரக்கால் என்று விடாமல் 'ஆடவல்லான் என்னும் மரக்காலால்' என்று அளவையின் பெயரையும் சேர்த்தே வெட்டியிருக்கிறார்கள். எந்த மரக்கால் என்று சொல்லாவிட்டால் அளவுக்கு அர்த்தமே இல்லை என்று ஆயிரம் வருடத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது. 1956இல் இந்தியாவில் எடை, அளவுகளுக்கான சட்டம் வந்து அடுத்த சில வருடங்களில் கடைகளில் கிலோவும் லிட்டரும் கட்டாயமாகிவிட்டன. வீட்டுக்குள் இருந்த படி மட்டும் அப்படியே நின்றுவிட்டது. யாழ்ப்பாணத்துக் குறிப்பு என்றால் சுண்டு, கொத்து என்று இருக்கும். அங்கேயும் முதலில் எந்தச் சுண்டு என்றுதான் கேட்க வேண்டும்.

பழைய வீடுகளில் இன்னொன்றும் கவனிக்கலாம். அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் படியிலும் ஆழாக்கிலும் போகும். ஆனால் புளி, வெல்லம், மிளகாய், கிழங்கு எல்லாம் பலம், வீசைக் கணக்கில்தான் இருக்கும். ஒரு பலம் 35 கிராம், நாற்பது பலம் ஒரு வீசை, அதாவது 1.4 கிலோ. பாத்திரத்தில் ஒழுங்காக நிரம்பாத பொருளை நிறுக்க வேண்டும் என்பதை அந்தப் பழக்கமே சொல்கிறது. இப்போது 'ஒரு கப் வெல்லம்' என்று எழுதுகிறார்கள். கட்டியாக உடைத்த வெல்லமா, சீவிய வெல்லமா, அச்சு வெல்லத்தைத் தூளாக்கியதா என்பதைப் பொறுத்து அந்தக் கப் எங்கெங்கோ போகும். வெல்லத்துக்கு நான் கப் அளவு எதுவும் தரப்போவதில்லை. நிறுத்துப் போடுங்கள்.

'கப்' என்பதும் ஒன்று இல்லை. அமெரிக்கக் கப் 237 மில்லி, நடைமுறையில் 240 என்று வைத்துக்கொள்வார்கள். ஆஸ்திரேலியக் கப் 250. ரைஸ் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப் 180 மில்லி. அது ஜப்பானியர்களின் 'கோ' என்ற பழைய அளவு, அதில் 150 கிராம் அரிசி பிடிக்கும். நம் ஊர்க் கடைகளில் விற்கும் அளவுக் கப் செட்டில் 240உம் உண்டு, 250உம் உண்டு. அடியில் திருப்பிப் பாருங்கள். டேபிள்ஸ்பூன் பெரும்பாலான இடங்களில் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20. டீஸ்பூன் 5. நாம் காபி கலக்கும் ஸ்பூன் இதில் எதுவும் இல்லை. அது மூன்று மில்லியும் பிடிக்கும், ஏழும் பிடிக்கும்.

அமெரிக்கர்கள் ஏன் இப்படிக் கப்பையே கட்டிக்கொண்டு இருக்கிறார்கள் என்றால், பாஸ்டன் சமையல் பள்ளியை நடத்திய ஃபேனி ஃபார்மர் 1896இல் வெளியிட்ட சமையல் நூலில் கப்பையும் ஸ்பூனையும் மட்டம் தட்டி அளக்கும் முறையை வலியுறுத்தினார். 'ஒரு கைப்பிடி', 'முட்டை அளவு வெண்ணெய்' என்று எழுதிக்கொண்டிருந்த காலத்தில் அது பெரிய முன்னேற்றம். ஐரோப்பாவில் வீட்டுச் சமையலறையிலும் தராசு இருந்ததால் அங்கே கிராமில் எழுதும் வழக்கம் ஊன்றிவிட்டது. ஆகவே ஒரு கேக் குறிப்பு எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று பார்த்தபிறகுதான் அதில் உள்ள கப்பை மாற்ற வேண்டும். அவுன்ஸ் என்று இருந்தால் இன்னும் கவனம். திரவ அவுன்ஸ் அமெரிக்காவில் சுமார் 30 மில்லி, எடை அவுன்ஸ் 28 கிராம். பெயர் ஒன்று, அளவை வேறு.

இப்போது செய்முறைக்கு வருவோம்.

முதலில் உங்கள் டம்ளர் எத்தனை மில்லி என்று தெரிய வேண்டும். தராசைச் சமமான மேடையில் வையுங்கள். காலி டம்ளரை வைத்து, பூஜ்யமாக்கும் பொத்தானை அழுத்துங்கள். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். தராசு காட்டும் கிராம்தான் டம்ளரின் மில்லி. எவர்சில்வர் டம்ளர்கள் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் 150 முதல் 250 வரை எதுவும் வரும். அந்த எண்ணை ஒரு ஸ்டிக்கரில் எழுதி டம்ளரின் அடியில் ஒட்டிவிடுங்கள், அல்லது பாத்திரக் கடையில் பெயர் வெட்டித் தருபவரிடம் கொடுத்து வெட்டிக்கொள்ளுங்கள். நான் வெட்டித்தான் வைத்திருக்கிறேன்.

அப்புறம் அந்த மில்லியைப் பொருளுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். ஒரு மில்லி இடத்தில் எத்தனை கிராம் உட்காரும் என்பதுதான் அந்த எண். பொன்னி, இட்லி அரிசி, பச்சரிசி எல்லாவற்றுக்கும் சுமார் 0.83 வைத்துக்கொள்ளலாம். பாஸ்மதி நீளமாக இருப்பதால் கொஞ்சம் குறையும், 0.78. துவரம் பருப்பும் தோல் நீக்கிய உளுந்தும் அரிசியை ஒட்டியே வரும். சர்க்கரையும் 0.83தான். அதே சர்க்கரையைப் பொடித்தால் 0.5 ஆகிவிடும், அதாவது பொடித்த சர்க்கரை ஒரு கப் 120 கிராம்தான். குறிப்பில் 'பொடித்த சர்க்கரை ஒரு கப்' என்றால் 'ஒரு கப் சர்க்கரையைப் பொடித்தது' என்று எடுத்துக்கொண்டு எத்தனை பேர் லட்டைத் திகட்ட வைத்திருக்கிறார்கள் தெரியுமா! ரவைக்கு 0.7. மைதாவுக்கும் கோதுமை மாவுக்கும் லேசாக நிரப்பினால் 0.5. அரிசி மாவு சலித்த உடனே 0.5, பாக்கெட்டில் அமுங்கியது 0.65 வரை. கடலை மாவு சலித்தால் 0.4, தட்டி நிரப்பினால் 0.5 தாண்டும். எண்ணெய்க்கும் உருக்கிய நெய்க்கும் 0.91. தேனுக்கு 1.4, கப்பில் 340 கிராம் வந்துவிடும். பூப்போல் துருவிய தேங்காய் ஒரு கப் 80 கிராம்தான், கொஞ்சம் அழுத்தினால் நூறைத் தாண்டும்.

உங்கள் டம்ளர் 190 மில்லி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு டம்ளர் பச்சரிசி என்றால் 190ஐ இரண்டால் பெருக்கி 380, அதை 0.83ஆல் பெருக்கினால் 315 கிராம். இவ்வளவுதான் கணக்கு. ஆனால் மாவுக்கு நான் சொன்ன எண்களைத் தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா எப்படி நிரப்புவார் என்பதுதான் சரியான எண்ணைத் தரும். ஒரே மாவை மூன்று தடவை நிரப்பி, மூன்று தடவையும் நிறுத்து, நடுவில் வரும் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை. இட்லிக்கு நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பதை டம்ளரில் அளந்தாலும் கிலோவில் நிறுத்தாலும் வித்தியாசம் பெரிதாக வராது, இரண்டு தானியத்துக்கும் எண் ஏறக்குறைய ஒன்று என்பதால். வெந்தயம், பெருங்காயம், தாளிதம் எல்லாம் கைக் கணக்கிலேயே இருக்கட்டும். சாம்பாருக்குப் புளி 'எலுமிச்சை அளவு' என்றால் அதை நிறுத்து ஆகப்போவது ஒன்றும் இல்லை. புளிப்பு புளிக்குப் புளி மாறும், நாக்குதான் சொல்ல வேண்டும். சோற்றுக்குத் தண்ணீரை மட்டும் மறந்தும் எடை விகிதமாக மாற்றிவிடாதீர்கள். ஒரு கப் பச்சரிசிக்கு இரண்டு கப் தண்ணீர் என்பது 200 கிராம் அரிசிக்கு 480 கிராம் தண்ணீர். '200 கிராமுக்கு இரண்டு மடங்கு 400' என்று ஊற்றினால் மூன்றில் ஒரு கப் தண்ணீர் குறையும், சோறு நடுவில் அரிசியாகவே நிற்கும். அரிசியை நிறுப்பதாக இருந்தால் தண்ணீர் 2.4 மடங்கு என்று எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் இரண்டையும் ஒரே டம்ளரில் அளந்துவிடுங்கள், அதுதான் எளிது.

எடைக்கு மாறுவதால் உண்மையாகவே பலன் கிடைப்பது நான்கு இடங்களில். மாவு அதிகம் உள்ள பலகாரம், பாகு வைக்கும் இனிப்பு, கேக் ரொட்டி வகை, அப்புறம் உப்பு.

உப்பைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். தூள் உப்பு ஒரு டீஸ்பூன் 6 கிராம். கல் உப்பு அதே ஸ்பூனில் நாலோ ஐந்தோதான் வரும், கல் பெரிதாக இருந்தால் இன்னும் குறையும். ஊறுகாய்க்கு அம்மா கல் உப்பில் சொன்ன டம்ளர் அளவை நீங்கள் தூள் உப்பில் போட்டால் வாயில் வைக்க முடியாது. தூள் உப்பில் சொன்னதைக் கல் உப்பில் போட்டால் உப்பு குறைந்து ஊறுகாய் பூசணம் பிடிக்கும், அது இன்னும் மோசம். எடையில் இந்தத் தொல்லையே இல்லை. 100 கிராம் கல் உப்பும் 100 கிராம் தூள் உப்பும் ஒரே உப்புதான். அம்மா ஊறுகாய் போடும் நாளில் மாங்காயையும் உப்பையும் ஒரு தடவை நிறுத்து எழுதிக்கொண்டால் அந்த விகிதம் ஆயுளுக்கும் போதும்.

அதிரசத்தில் வேறு ஒரு நுணுக்கம். ஒரு கிலோ பச்சரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் என்பது நிறைய வீடுகளில் உள்ள அளவு. இந்த ஒரு கிலோ ஊற வைப்பதற்கு முந்தைய அரிசி. ஊறி வடிந்த அரிசியில் நூறு கிராமுக்கு இருபது, முப்பது கிராம் தண்ணீர் ஏறியிருக்கும். அதை இடித்துச் சலித்த ஈர மாவில் ஒரு கிலோ நிறுத்தால், அதில் ஒரு பகுதி தண்ணீரையே நிறுத்திருக்கிறோம். அப்போது வெல்லம் அந்த மாவுக்கு அதிகமாகி, எண்ணெயில் போட்டதும் அதிரசம் பரவிப் பிரிந்துவிடும். ஈரப்பசை உள்ள எதையும் அது காய்ந்திருந்தபோது இருந்த எடையில் எழுதி வைப்பதுதான் நல்லது.

முறுக்குக்கும் இதே மாதிரி ஒரு கேள்வி இருக்கிறது. 'அரிசி 4, உளுந்து 1' என்று நோட்டில் இருந்தால், அது தானியமாக அளந்ததா, அரைத்த மாவாக அளந்ததா? ஒரு டம்ளர் அரிசியைக் காயவைத்து மாவாக அரைத்தால் ஒரு டம்ளருக்கு மேல் நன்றாகவே பொங்கி நிற்கும். எடை மட்டும் மாறாது. மெஷினில் ஒட்டியது போக, 300 கிராம் அரிசி 300 கிராம் மாவு. மெஷினுக்குக் கொடுத்து அரைக்கிறவர்கள் தானியமாகவே நிறுத்துக் கொடுத்துவிட்டால் பாதித் தலைவலி அங்கேயே தீர்ந்துவிடும்.

தராசைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ஒரு கிராம் துல்லியத்தில் ஐந்து கிலோ வரை காட்டும் சாதாரணத் தராசு வீட்டுக்குப் போதும். ஆனால் அது சோடா உப்பு, ஈஸ்ட் போன்ற இரண்டு மூன்று கிராமுக்கு உதவாது. 2 என்று காட்டும்போது உள்ளே இருப்பது ஒன்றரையும் இருக்கலாம், இரண்டரையும் இருக்கலாம். அதற்கு அளவு ஸ்பூனே நல்லது. உலர் ஈஸ்ட் ஒரு டீஸ்பூன் 3 கிராம், சோடா உப்பு ஏறக்குறைய 5. உங்கள் வீட்டு ஸ்பூனின் எடை தெரிய வேண்டும் என்றால் பத்து ஸ்பூன் போட்டு நிறுத்துப் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். சூடான பாத்திரத்தை நேராகத் தராசின் மேல் வைக்க வேண்டாம். பேட்டரி இறங்கினால் எண்கள் தாவும். ஒரே பாத்திரத்தில் மாவு, பிறகு பூஜ்யம், சர்க்கரை, மறுபடி பூஜ்யம், நெய் என்று போட்டுக்கொண்டே போகலாம். கழுவ வேண்டிய கப்பும் கரண்டியும் குறையும். பழகிவிட்டால் திரும்ப டம்ளருக்குப் போக மனசே வராது.

கடைசியாக, டம்ளர் ஊரில் அம்மாவிடம் இருக்கிறது, அவர் வீட்டில் தராசு இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த டம்ளரை எடுத்துக்கொண்டு பக்கத்து மளிகைக் கடைக்குப் போகச் சொல்லுங்கள். காலியாக ஒரு எடை, விளிம்பு வரை தண்ணீரோடு ஒரு எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்து போனில் சொன்னால் போதும், மற்ற கணக்கை நீங்கள் போட்டுக்கொள்ளலாம். கையோடு, மாவை அவர் அளந்த மாதிரியே டம்ளரில் நிரப்பி அதே தராசில் வைத்துப் பார்த்துவிட்டால் இன்னும் நல்லது. போனை வைப்பதற்கு முன், முறுக்குக்குச் சொன்ன அந்த நாலு டம்ளர் அரிசியா மாவா என்றும், மாவு என்றால் தட்டி நிரப்புவாரா, தட்டாமலா என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.